ஆர்மோனியத்துக்கு ஆசாரி கிடையாது

நாகஸ்வரம் என்றால் நரசிங்கம்பேட்டை. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்ன ஊரில் ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாக ஆச்சா மரத்தைக் கடைந்து வாத்தியம் செய்கிறார்கள். அதன் வாயில் செருகும் சீவாளிக்குப் பக்கத்திலேயே திருவாவடுதுறை. வீணைக்குத் தஞ்சாவூர், பலாமரம் பண்ருட்டிப் பக்கமிருந்து போகும், மெழுகில் மெட்டு வைத்துக் கொடுப்பவரும் அங்கேயே இருப்பார். மிருதங்கத்துக்குத் தோல் மூட்டுகிற குடும்பங்கள் தஞ்சையிலும் சென்னையிலும் உண்டு. எந்த வாத்தியம் பழுதானாலும் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்கு ஒரு சாதியும் இருந்தது.

ஆர்மோனியத்துக்கு அப்படி எதுவுமில்லை. கப்பலில் வந்த சாமான் அது. எந்த ஊர் ஆசாரியும் அதைத் தன் பரம்பரைத் தொழில் என்று சொல்லிக்கொள்ள முடியாது. திண்டுக்கல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற என் கைக்கு ஸ்க்ரூடிரைவரும் வச்சிரப் பசையும் வந்து சேர்ந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். என் தலைமுறைப் பாட்டு டீச்சர்களில் என்னைப் போல இன்னும் பலர் இருந்தார்கள்.

1842இல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் ஆர்மோனியம் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். அது மேசை மாதிரி நிற்கும் பெரிய பெட்டி. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் துருத்தியை மிதித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாசிக்க வேண்டும். பாதிரிமார்களோடு அது இங்கே வந்தது. கோயில் ஆர்கன் வாங்க வசதியில்லாத சிறு தேவாலயங்களுக்கும் மிஷன் பள்ளிகளுக்கும் ஏற்ற சரக்கு. நம்மூர்ப் பாடகரோ தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறவர். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875இல் தொடங்கிய துவார்கின் கடைதான் காலை விட்டுவிட்டுக் கையால் துருத்தி போடும் பெட்டியைப் பிரபலமாக்கியது. துருத்தி பின்பக்கம் போனது, பெட்டி மடியளவு உயரத்துக்குக் குறுகியது, ஒரு கை சுரத்துக்கும் ஒரு கை காற்றுக்கும் என்று ஆனது. இரண்டு கையால் வாசிக்கும் மேல்நாட்டு இசைக்கு இந்தப் பெட்டி உதவாது. நமக்கு அந்த இசை தேவைப்படவும் இல்லை.

தமிழ்நாட்டில் இதை வீட்டுப் பொருளாக்கியது நாடகக் கம்பெனி. மைக் வராத காலம். பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கிற நாடகத்தில், கடைசி வரிசையில் ஜமுக்காளத்தில் படுத்திருப்பவர் காதுவரை சுருதி போக வேண்டும். தம்புராவால் அது முடியாது, இந்தப் பெட்டியால் முடியும். எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவர் அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம் வாசித்ததைப் பழைய ரசிகர்கள் பாட்டுக்குச் சமமாகப் பேசுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாய்ஸ் கம்பெனியிலும் அதற்குப் பிறகு வந்த கம்பெனிகளிலும் பெட்டிக்காரர்தான் பாட்டு வாத்தியார். பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பவரும் அவர், மேடையில் பின்பாட்டுப் பாடுபவரும் அவர்.

பெட்டியைப் பழுது பார்க்கிறவரும் அவரேதான். கம்பெனி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ரயிலிலும் மாட்டுவண்டியிலும் போகும். சீன் துணி, கிரீடம், சமையல் பாத்திரம் எல்லாவற்றோடும் பெட்டி குலுங்கிக்கொண்டே வரும். இறங்குகிற ஊரில் ரிப்பேர் கடை இருக்காது. நடுராத்திரி வள்ளி தினைப்புனம் காக்கும் நேரத்தில் ஒரு ரீடு ஊமையாகிவிட்டால், அடுத்த பாட்டுக்குள் பெட்டியைத் திறந்து மூட வேண்டும்.

எனக்கு முன்னால் எங்கள் பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்தவர் அப்படியொரு கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்தவர். 1931இல் 'காளிதாஸ்' பேசும்படமாக வந்த பிறகு கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தள்ளாடத் தொடங்கின. பெட்டிக்காரர்கள் பல திசையில் போனார்கள். அண்ணன் சுந்தர பாகவதரின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த ஜி. ராமநாதன் மாதிரி சிலருக்கு சினிமா கிடைத்தது. மற்றவர்களுக்கு பஜனை மடம், ஸ்பெஷல் நாடகம், பள்ளிக்கூடம். எங்கள் வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம். அவர் ஓய்வுபெற்ற பிறகு நான் வேலைக்குச் சேர்ந்தேன். பெட்டி தகராறு செய்யும்போதெல்லாம் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, இசை அறையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்காருவார். "டீச்சரம்மா, பாட்டு எல்லாருக்கும் வரும். இது உங்களுக்கு வரணும். வாங்க, இப்படி உக்காருங்க" என்பார்.

நான் முறையாகச் சங்கீதம் படித்தவள். இசை லோயர், ஹையர் தேர்வுகள் எழுதி, கோடை விடுமுறையில் தொழிலாசிரியர் பயிற்சியும் முடித்தவள். மேளகர்த்தா எழுபத்திரண்டும் கேட்டால் சொல்வேன். சென்னை மியூசிக் அகாடமி இசை ஆசிரியர்களுக்கென்றே 1931இல் ஒரு கல்லூரி தொடங்கியதும், டைகர் வரதாச்சாரியார் அதற்கு முதல்வராக இருந்ததும் எங்களுக்குப் பெருமையோடு சொல்லப்பட்ட வரலாறு. ஆனால் நான் உட்கார்ந்த வகுப்பில் யாரும் ஒரு ரீடைக் கழற்றிக் காட்டியதில்லை. வித்துவான் வாசிப்பார், வாத்தியத்தைச் செய்கிறவர் வேறு ஆள் என்பது சங்கீத உலகத்தின் எழுதாத சட்டம். பாடத்திட்டம் போட்டவர்களும் அந்த உலகத்திலிருந்து வந்தவர்கள்தான். மிருதங்கத்தில் இது பளிச்சென்று தெரியும். ஆடு, மாடு, எருமை மூன்றின் தோலும் சேர்ந்ததுதான் அந்த வாத்தியம். வாசித்தவர்களில் பெரும்பாலோர் மேல்சாதிக்காரர்கள். தோலை உரித்து, உலர்த்தி, மூட்டியவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதித்தான் அந்தப் பெயர்களில் பலவற்றை நாம் கேள்விப்பட்டோம்.

ஆர்மோனியத்துக்குள்ளேயும் தோல் இருக்கிறது. இதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதில்லை. துருத்தியின் மடிப்பு அட்டையும் துணியும்தான்; ஆனால் மூலைகளில் மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் காற்றுத் துளையை மூடுகிற பலகையிலும் தோல்தான். ஒருமுறை செருப்புத் தைப்பவரிடம் போய் ஆட்டுத்தோல் துண்டு வாங்கி வந்தேன். ஆசிரியர் அறையில் ஒருவர், "பாட்டு டீச்சர் இதையெல்லாம் தொடலாமா?" என்று கேட்டார். கேட்டவர் பள்ளி விழாவில் மிருதங்கம் வாசிப்பவர்.

வாத்தியார் எனக்குக் கற்றுக்கொடுத்த வரிசை இப்போதும் மாறவில்லை. முதலில் எல்லா ஸ்டாப்பரையும் மூடிவிட்டுத் துருத்தி போட வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டாவது துருத்தி உப்பி அப்படியே நின்றால் காற்று கசியவில்லை. தானாக அமுங்கினால் எங்கோ ஓட்டை. ஈரப்படுத்திய கன்னத்தை மூலைக்கு மூலை கொண்டுபோனால் சில்லென்று படுகிற இடம்தான் அந்த ஓட்டை. ஒட்டுவதற்கு வச்சிரம். தச்சர்கள் பயன்படுத்துகிற அந்தப் பசையைக் கொதிநீரில் ஒரு கிண்ணம் வைத்து இளக்க வேண்டும். நாற்றம் வகுப்பறையைத் தூக்கும். பிற்பாடு எல்லோரும் ஃபெவிகால் போட ஆரம்பித்தார்கள். வாத்தியார் அதைப் போட விடமாட்டார். வச்சிரத்துக்கு வெந்நீர் காட்டினால் எடுத்துவிடலாம், அடுத்த முறை திறக்கிறவருக்கு வழி இருக்கும்; ஃபெவிகால் போட்ட துருத்தியைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். நான் திறந்த பல பெட்டிகளில் முந்திய ரிப்பேரைச் சரிசெய்வதுதான் பெரிய ரிப்பேராக இருந்திருக்கிறது. வச்சிரத்துக்கும் ஒரு குறை உண்டு. எலிக்கும் பூச்சிக்கும் அது பிடிக்கும். பைண்டிங் செய்பவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பதைப் பார்த்து, மடிப்புத் துணி ஒட்டுகிற பசையில் நாங்களும் கலந்தோம். பெட்டிக்குள் வசம்புத் துண்டு போட்டு வைப்போம். காடாத் துணி தையல் டீச்சரிடம் கிடைக்கும்.

கட்டை மேலே வராமல் அழுந்திக் கிடந்தால் ஐப்பசி கார்த்திகை மழைதான் காரணம். மரம் ஊறிப் பக்கத்துக் கட்டையோடு உரசும். உப்புத்தாளை மடித்து இடையில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அவசரக்காரர்கள் அதிகம் தேய்த்துவிடுவார்கள். பங்குனியில் மரம் காய்ந்ததும் கட்டை லொடலொடவென்று ஆடும். கையெடுத்த பிறகும் ஒரு சுரம் ஓயாமல் ஊதினால், அடியிலிருக்கும் தோல் கெட்டியாகிவிட்டது அல்லது கம்பி தளர்ந்துவிட்டது.

ரீடுதான் நுணுக்கமான இடம். பித்தளைத் தகட்டில் நீளமாக ஒரு சந்து, அதன்மேல் ஒரு முனை மட்டும் ஆணியடித்த பித்தளை நாக்கு. காற்றுப் போகும்போது நாக்கு அந்தச் சந்துக்குள் போய்ப் போய் வரும். நாக்குக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு தலைமுடிகூட நுழையாத அளவு. அதில் சாக்பீஸ் தூள் ஒன்று சிக்கினாலும் சத்தம் நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் தூளுக்குப் பஞ்சமா? மெல்லிய காகிதத்தை நாக்குக்கு அடியில் விட்டு உருவினால் பாதி ஊமைகள் பேசிவிடும். அடுத்தது சுருதி. நாக்கின் நுனியில் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். ஆணிப் பக்கம் சுரண்டினால் வளைவு இளகிச் சுருதி இறங்கும். அடியில் தபால் அட்டையைச் செருகித் தாங்கல் கொடுத்து, பாதி பிளேடால் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டி, ஒவ்வொரு முறையும் வாசித்துப் பார்க்க வேண்டும். உடைந்த ரீடுக்கு மாற்று இல்லாதபோது கம்பெனிக்காரர்கள் உச்சஸ்தாயியில் அதிகம் பயன்படாத ரீடைக் கழற்றி, நுனியில் ஒரு பொட்டு ஈயம் வைத்துச் சுருதியை இறக்குவார்களாம். இது வாத்தியார் சொன்னது. எவ்வளவு இறக்க முடியும் என்று கேட்டேன். "ஜனங்க தூங்குற நேரத்துல எவ்வளவு வேணாலும்" என்றார்.

பாரிஸ் ரீடு, ஜெர்மன் ரீடு என்பது பெட்டிக்காரர்களின் பழைய பெருமை. பாரிஸில் கஸ்ரியேல் செய்த பெட்டி வைத்திருந்தவர் அதை வீட்டுப் பத்திரம் மாதிரிப் பாதுகாப்பார். இப்போது இந்தியப் பெட்டிகளுக்குள் இருக்கும் ரீடுகளில் பல குஜராத்தின் பாலிதானாவிலிருந்து வருகின்றன. மலைமேல் சமணக் கோயில்கள் நிறைந்த ஊர் என்றுதான் பலருக்கும் அதைத் தெரியும். பெட்டி ரிப்பேர் செய்பவருக்கு அது ரீடு ஊர்.

ஆர்மோனியத்தின்மேல் பெரியவர்களுக்கு இருந்த வெறுப்பையும் சொல்ல வேண்டும். ஆனந்த குமாரசாமி அதை எதிர்த்தார், தாகூர் எதிர்த்தார். 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை நிலையத்துக்குள்ளேயே விடுவதில்லை என்று முடிவு செய்தது. அந்தத் தடை தளர 1971 ஆனது. அவர்கள் சொன்னது தப்பில்லை. ஆர்மோனியத்தில் கமகம் வராது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக வழியில்லை, குதிக்கத்தான் வேண்டும். பன்னிரண்டு சுரத்தையும் சம தூரத்தில் வைத்த மேல்நாட்டுக் கணக்கில் நம்முடைய காந்தாரம் கொஞ்சம் தூக்கலாகவே ஒலிக்கும். ஆனால் இந்தப் பெரியவர்கள் யாரும் காலை ஒன்பதே கால் மணிக்கு அறுநூறு பெண் பிள்ளைகளை ஒரே சுருதியில் நிறுத்த வேண்டிய கட்டாயத்தில் இருந்ததில்லை. தம்புராவின் நாலு தந்தியையும் சேர்த்து, ஜீவாளி நூலை நகர்த்தி முடிப்பதற்குள் முதல் பீரியட் மணி அடித்துவிடும். வானொலி துரத்திய அந்த முப்பது வருஷமும் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவை ஸ்பெஷல் நாடகமும் பஜனையும் பள்ளிப் பிரார்த்தனையும்தான்.

தூக்கலான காந்தாரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு தீர்வு இருந்தது. நான் வாத்தியாரிடம் கற்றதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1970 முதல் அரசு நிகழ்ச்சிகளில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எம்.எஸ். விஸ்வநாதன் மோகனத்தில் மெட்டுப் போட்டார். பெண் பிள்ளைகளுக்கு ஐந்து கட்டை சௌகரியம். ஐந்தாவது வெள்ளைக்கட்டைதான் ஸட்ஜமம். அப்படியானால் காந்தாரம் ஏழாவது வெள்ளையில், தைவதம் மூன்றாவது வெள்ளையில் விழும். ஒரு நாடகப் பெட்டிக்காரர் இன்றைக்கு ஒரு கட்டை, நாளைக்கு ஒரு கட்டை என்று பாடுகிறவருக்கெல்லாம் வாசிக்க வேண்டும். அதனால் அவர் ரீடைச் சுரண்டத் துணிய மாட்டார். பள்ளிப் பெட்டிக்கோ தினமும் அதே பாட்டு, அதே கட்டை. வாத்தியார் அந்த இரண்டு சுரங்களின் ரீடுகளையும் எல்லா ஸ்தாயியிலும் ஆணிப் பக்கம் மெல்லச் சுரண்டி, ஸட்ஜமத்தோடு சேர்த்து வாசிக்கும்போது அலையடிக்காமல் நிற்கும்வரை இறக்கி வைத்திருந்தார். அந்தப் பெட்டியில் ஆறு கட்டையில் யாராவது பாட வந்தால் பஞ்சமமே உதைக்கும். ஆண்டுவிழாவுக்கு வந்த விருந்தினர் ஒருவர் அப்படி உதை வாங்கிவிட்டு, பெட்டி கெட்டுவிட்டது என்றார். எங்கள் பிள்ளைகளின் மோகனம் மட்டும் மாவட்டத்தில் எங்கே போனாலும் தனியாகத் தெரியும். எனக்குப் பிறகு யாரும் அந்த ரீடுகளை "சரிசெய்து" விடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக உள்மூடியில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

ஆசிரியர் கையிலேயே வேலை நின்றதற்குப் பள்ளிக்கூட நிர்வாக நடைமுறையும் ஒரு காரணம். ஆர்மோனியம் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருள். பழுதானால் தூக்கிப் போட முடியாது, கழிவு செய்யத் தனி உத்தரவு வேண்டும். ரிப்பேர் செலவுக்கு ரசீது கேட்பார்கள். பெட்டி ரிப்பேர் செய்பவரிடம் ரசீதுப் புத்தகம் இருக்காது. ஆகவே பெட்டி பீரோவின்மேல் ஏறும், ஆடிட்டுக்கு இறங்கும், மறுபடி ஏறும். பல பள்ளிகளின் இசைக் கல்வி அந்த பீரோவின் மேலேயே முடிந்துபோனது. தன் கையால் திறக்கத் தெரிந்த டீச்சர் இருந்த இடத்தில் அது முடிந்துபோகவில்லை. எல்லாப் பழியையும் எலக்ட்ரானிக் பெட்டிமேல் போடுகிறவர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை. பெங்களூரில் 1979இல் தொடங்கிய ரேடல் நிறுவனத்தின் சுருதிப் பெட்டி வந்தது, பிறகு கேசியோ வந்தது. இரண்டும் நல்ல சாமான்கள்தான். ஆனால் உள்ளே ஒரு சில்லு போனால் பாட்டு டீச்சரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. அதுவும் பீரோவின்மேல் ஏறுகிறது, ஆர்மோனியத்தைவிட வேகமாக.

2012இல் அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ரூ.5,000 சம்பளத்தில் நியமித்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தையலோடு இசைக்கும் ஆள் எடுத்தார்கள். அப்படி வேலைக்கு வந்த ஒரு பெண், கொரோனா மூடல் முடிந்து பள்ளி திறந்ததும் என்னைத் தேடி வந்தார். நீண்ட மூடலில் எலிக்கு முழுச் சுதந்திரம். துருத்தியில் ஒரு மூலைத் தோல் மிச்சமில்லை. இரண்டு சனிக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரே அட்டை வெட்டி, அவரே வச்சிரம் காய்ச்சி, அவரே ஒட்டினார். நான் கைவைக்கவில்லை. கன்னத்தை வைத்துக் காற்றுக் கசிவு பார்க்கச் சொன்னபோது மட்டும் சிரித்தார்.

போன மாதம் ஒரு மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பள்ளிக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், கிழிந்திருந்தது; அதன் நடுவிலிருக்கும் கருப்புச் சோறு உதிர்ந்திருந்தது. "இதையும் நாமளே பண்ணிடலாமா டீச்சர்?" என்றார். முடியாது என்றேன். கிட்டான் கல்லை மாவாக அரைத்து, சாதத்தோடு பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து வலந்தலையில் சோறு போடுவதும், எந்தத் தோலை எந்தப் பக்கம் வைப்பது என்று தொட்டுப் பார்த்தே சொல்வதும் நானோ அவரோ திண்ணையில் கற்கிற விஷயமில்லை. அது சில குடும்பங்கள் பல தலைமுறையாகக் கையில் வைத்திருக்கிற படிப்பு. தஞ்சாவூர் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். மூட்டு மாற்ற என்ன கூலி கேட்கிறார்களோ அதைக் கொடுக்க வேண்டும், பேரம் பேசக் கூடாது, வேலை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று அனுமதி கேட்க வேண்டும், செய்தவர் பெயரைக் கேட்டுப் பள்ளி ஸ்டாக் ரிஜிஸ்டரில் குறிப்புக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.